சாவி திரும்பும்போது

தங்கையின் பிரசவத்துக்காகக் கடல் கடந்து போயிருந்தேன். போன புதிதில் ஒரு மாலை, சோபாவில் கால் நீட்டிக் குழந்தையின் துணிகளை மடித்துக்கொண்டிருந்தேன். டிவியில் ஏதோ ஓடிக்கொண்டிருந்தது. வாசல் கதவில் சாவி திரும்பியது. என்ன செய்தேன் என்று எனக்கே தெரிந்தபோது டிவி அணைந்திருந்தது. பாதி குடித்த காப்பி டம்ளரை முந்தானையில் மறைத்தபடி நான் சமையலறை வாசலில் நின்றிருந்தேன்.

தங்கையின் கணவர் உள்ளே வந்து என்னையும் இருண்ட திரையையும் பார்த்தார். தனக்குப் பின்னால் வேறு யாரும் வருகிறார்களோ என்று திரும்பியும் பார்த்தார்.

"என்னக்கா, பள்ளிக்கூடத்துக்கு இன்ஸ்பெக்டர் வந்த மாதிரி நிக்கிறீங்க? நான்தான்."

தங்கை சிரித்தாள். நானும் சிரித்து வைத்தேன். அவர் டிவியைப் போட்டுவிட்டு, தானே காப்பி கலந்துகொண்டு வந்து உட்கார்ந்தார். இன்னும் ஏதோ நடக்கப்போகிறது என்று காத்திருந்தேன். ஒன்றும் நடக்கவில்லை.

அந்த ஊரின் அகலமான சாலைகளையும் பூங்காக்களையும் காட்டினார்கள். எனக்கு அதிசயமாக இருந்தது அந்தக் கதவுதான். சாவி திரும்பும். தங்கை பேசிக்கொண்டிருந்ததைப் பேசிக்கொண்டே இருப்பாள்.

என் கணவரைத் தங்கமான மனிதர் என்றுதான் ஊரெல்லாம் சொல்லியிருக்கிறேன். குடி கிடையாது, கை நீட்டியது கிடையாது. வந்ததும் வீட்டை ஒரு பார்வை பார்ப்பார். எரிகிற விளக்கு, சொட்டுகிற குழாய், உட்கார்ந்திருக்கிற நான். ஏதாவது ஒன்று அகப்பட்டுவிடும். பிறகு தூங்கும்வரை அவர் குரல்தான் வீடு. மழை, வெயில் மாதிரி இதுவும் எல்லா வீட்டிலும் உள்ளது என்றே நினைத்திருந்தேன்.

திரும்பி வரும் விமானத்தில் முடிவு செய்தேன். இனி எழுந்திருப்பதில்லை. சண்டை வேண்டாம், பேச்சு வேண்டாம், உட்கார்ந்திருந்தால் போதும். அவரோடு வீட்டில் விட்டுவந்திருந்த என் மகள் அதைப் பார்க்க வேண்டும்.

வந்த மறுநாள் மாலை அவளுக்குத் தலை பின்னிக்கொண்டிருந்தேன். கணக்கு டீச்சர் நடப்பதை நடித்துக்காட்டி என்னைச் சிரிக்க வைத்துக்கொண்டிருந்தவள் சட்டென்று நிறுத்தினாள். மாடிப்படியில் காலடி கேட்டதாம், எனக்குக் கேட்கவில்லை. பாதிப் பின்னலோடு எழுந்து டிவியை அணைத்தாள். டம்ளர்களை எடுத்துப் போனாள். விரிப்பைச் சரிசெய்தாள். நான் இல்லாத நாட்களில் என் வேலையெல்லாம் அவள் கைக்குப் போயிருந்தது. என்னைவிடச் சுத்தமாகச் செய்தாள்.

சாவி திரும்பியது. நான் சீப்போடு உட்கார்ந்திருந்தேன்.

அவள் ஓடிவந்து என் முழங்கையைப் பிடித்தாள்.

"எந்திரிம்மா. நீ இல்லாதப்ப அப்பா ஒருநாள்கூடக் கத்தல. நான்தான் பாத்துக்கிட்டேன். கெடுத்துடாதம்மா."

அவள் குரலில் பயத்தோடு பெருமையும் இருந்தது.

எழுந்தேன். முன்பெல்லாம் எழுந்து நின்ற பிறகுதான் எனக்கே தெரியும். இப்போது முழங்கால் நிமிர்வதுகூடத் தெரிந்தது. சொன்ன பேச்சு கேட்ட பிள்ளையைப் பார்ப்பதுபோல அவள் என்னைப் பார்த்தாள்.

அவர் உள்ளே வந்து ஒருமுறை சுற்றிப் பார்த்தார்.

"குழாய் சொட்டுது."

இரண்டு பேரும் ஓடினோம். அவள்தான் முந்தினாள்.