சங்கிலி பிடித்து நின்றவர்

ஈச்சங்கொல்லையில் சடையன் என்பவர் நில அளவைச் சங்கிலியின் ஒரு முனையைப் பிடித்துக்கொண்டு நூற்றுப் பதினான்கு வருடம் நின்றார். ஊர் செந்துறைக்குத் தெற்கே பஸ்சில் இருபது நிமிடம். 1911ஆம் வருடம் மாசி மாதம், ஒரு வெள்ளைக்காரத் துரையோடு நிலம் அளக்க வந்த கூட்டம் அவரை அந்த இடத்தில் நிறுத்தியது. மறுநாள் காலையில் பார்த்தால் கூட்டமும் இல்லை, கூடாரமும் இல்லை. போகலாம் என்று யாரும் சொல்லாததால் அவர் போகவில்லை என்றுதான் ஊர் சொல்லிவந்தது. முதல் இரண்டு வருடம் அவர் மனைவி வந்து அழுதாள், திட்டினாள், கையைப் பிடித்து இழுத்தாள். பிறகு காலையில் ஒரு சொம்புக் கஞ்சியைக் கொண்டுவந்து ஊட்டிவிட்டு வேலைக்குப் போகப் பழகிக்கொண்டாள். அவள் செத்த பிறகு மகன், மகனுக்குப் பிறகு மகனின் மருமகள் என்று கஞ்சி வேலை கைமாறி வந்தது. சடையனுக்கு அறுபது வரைக்கும் வயது ஏறியது. அதற்குமேல் ஏற வயதுக்கே சலித்துப்போயிருக்க வேண்டும், அப்படியே விட்டுவிட்டது.

சங்கிலி அறுபத்தாறு அடி. அது தெற்கே நீண்டு, சூரை முள் மண்டிய ஒரு மேட்டுக்குள் போய் மறைந்தது. இரண்டாம் உலகப்போர்க் காலத்துப் பஞ்சத்தில் விறகுக்காக அந்த முள்ளை வெட்டினார்கள். அப்போதுதான் மறுமுனையின் பித்தளைக் கைப்பிடி, இடுப்பு உயரத்தில், யாரும் பிடிக்காமலே காற்றில் நிற்பது தெரிந்தது. இரண்டு நாள் ஊர் அதைப் பற்றியே பேசியது. மூன்றாம் நாள் ஒருவர் அதில் தன் ஆட்டைக் கொண்டுவந்து கட்டினார். சங்கிலி எப்போதும் விறைப்பாக இருந்ததால் துணி காயப்போடவும் தோதாக இருந்தது. ஈச்சங்கொல்லைப் பெண்கள் மூன்று தலைமுறையாக அதில்தான் துணி காயப்போட்டார்கள். இந்த ஊர்ச் சேலைகளில் துருக்கறை இருக்கிறதென்று வெளியூர்ச் சம்பந்திகள் குறை சொன்னதுண்டு. மழை பெய்தால் யாராவது ஒரு சாக்கைக் கொண்டுவந்து சடையன் தலையில் போட்டுவிடுவார்கள்.

பிறகு சுண்ணாம்புக்கல்லுக்காக ஒரு சிமென்ட் ஆலை அந்தக் காடுகளை வாங்கித் தோண்டியது. முள்ளு மேடு போய் அங்கே இருபத்தைந்தடிப் பள்ளம் வந்தது. வடக்கு ஓரத்தில் சடையன் நின்ற திட்டு மட்டும் மிஞ்சியது. சங்கிலி பள்ளத்துக்கு மேலே அந்தரத்தில் நீண்டு நின்றது. பெண்கள் நைலான் கயிறு வாங்கிக்கொண்டார்கள். போன மாசியில், பங்குனி முடிவதற்குள் அந்தத் திட்டையும் எடுத்துவிடப் போவதாக ஆலையில் சொன்னார்கள். அங்கே பொக்லைன் ஓட்டும் ராசாங்கம் இந்தச் சேதியை வீட்டுக்குக் கொண்டுவந்தான். அவன் மனைவி கமலவேணி, சடையனுடைய பேரனின் பேத்தி. இப்போது கஞ்சி கொண்டுபோவது அவள்தான். மண்ணை எடுத்தால் சடையன் விழுந்து செத்துப்போவார் என்று அவள் பயப்படவில்லை. அவர் விழமாட்டார். அந்தக் கைப்பிடியைப் போல அவரும் அப்படியே காற்றில் நிற்பார். கஞ்சிச் சொம்பு அவருக்கு எட்டாது. இன்னும் ஒரு நூறு வருடம் அவர் பசியோடு நிற்பார் என்பதுதான் அவள் பயம்.

கமலவேணி செந்துறை தாலுகா ஆபீசுக்கு எதிரே ஜெராக்ஸ் கடை வைத்திருந்தாள். இருபது வருடமாக ஊரார் மனுக்களைப் பிரதியெடுத்துக் கொடுத்தவள், முதல்முறையாகத் தனக்காக ஒரு மனுவை எடுத்துக்கொண்டு ரோட்டைக் கடந்தாள். நிறுத்தியது சர்க்கார், ஆகவே சர்க்கார்தான் விடுவிக்க வேண்டும் என்பது அவள் கணக்கு. தாசில்தார் நல்ல மாதிரியானவர். மனுவை இரண்டு தடவை படித்தார். வேலையில் சேர்த்ததற்கு ஆதாரம் இருந்தால்தானே வேலையிலிருந்து விடுவிக்க முடியும் என்றார். அது நியாயமாகத்தான் இருந்தது. குடும்பத்தில் விசாரித்தால் ஒருவருக்கும் ஒன்றும் தெரியவில்லை. துரை நிறுத்தினான், நிற்கிறார், அவ்வளவுதான் அவர்களுடைய நூறு வருடச் சரித்திரம். சடையனையே கேட்டாள். அவர் வேலையைப் பற்றி மட்டும் பேசினார்.

"நடுவுல மேடு இருந்தா அந்தாண்ட நிக்கிற ஆளு தெரியாது ஆயி. சங்கிலிதான் பேச்சு. ஒரு தரம் அசைச்சா இழுக்கணும், ரெண்டு தரம் அசைச்சா நிக்கணும். மூணு தரம் அசைச்சாதான் வுடணும்."

அந்தாண்ட நின்ற ஆள் யாரென்று கேட்டதற்கு முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

கமலவேணி அரியலூரில் ரயிலேறிச் சென்னைக்கு, எழும்பூரிலுள்ள ஆவணக் காப்பகத்துக்குப் போனாள். முதல் பயணத்தில் அரியலூர் என்று எழுதிக் கொடுத்து நாள் முழுதும் காத்திருந்தாள். அப்படி ஒரு மாவட்டமே அப்போது கிடையாது என்று சாயங்காலம் சொன்னார்கள். இரண்டாம் பயணத்தில் திருச்சினாப்பள்ளி ஜில்லா என்று சரியாக எழுதினாள், தாலுகாவைச் செந்துறை என்று எழுதிவிட்டாள். அதுவும் வீணாயிற்று. போகும்போதும் வரும்போதும் ரயிலில் உட்கார இடம் கிடைக்கவில்லை. குடும்பத்தில் ஒருவர் நின்றது போதாதென்று நானும் நிற்கிறேன் என்று வீட்டுக்கு வந்து புலம்பினாள். கடைக்கு வருகிறவர்கள் மேல் எரிந்து விழுந்தாள். பங்குனியில் பதினைந்து நாள் போயிருந்தது. மூன்றாம் பயணத்தில், அங்கே புத்தகக் கட்டுகளைத் தூக்கிவரும் அம்சவள்ளி என்ற பெண், அந்தக் காலத்தில் உங்கள் பக்கமெல்லாம் உடையார்பாளையம் தாலுகா அக்கா என்று சொன்னாள். மத்தியானத்துக்குள் அளவைப் புத்தகம் வந்துவிட்டது. தொட்டால் அப்பளம்போல நொறுங்கும் தாள். அதில் எழுபத்து மூன்றாம் பக்கத்தில், துரையின் சாய்ந்த இங்கிலீஷ் கையெழுத்தில், ஊர் பெயரும் இரண்டு கூலியாட்களின் பெயரும் இருந்தன. கமலவேணி எழுத்துக் கூட்டிப் படித்தாள். ஒன்று சடையன். இன்னொன்று பொன்னன். பொன்னன் என்று ஒரு பெயரைக் குடும்பத்தில் யாரும் சொல்லி அவள் கேட்டதில்லை. அந்தப் பக்கத்துக்குப் பிரதி கேட்டாள். தொழில் பழக்கத்தில், பின்பக்கமும் சேர்த்துப் போடுங்கள் என்றாள்.

தாசில்தார் முன்பக்கத்தைப் பார்த்தார், அவருக்கு அது போதும். ஒரு வாரத்தில் உத்தரவு வந்துவிட்டது. மேற்படி சடையன் என்பார் நில அளவைப் பணியிலிருந்து இன்று பிற்பகல் முதல் விடுவிக்கப்படுகிறார். தாலுகா சர்வேயர் அறிவரசன் வெயிலில் திட்டுமேல் ஏறி நின்று அதை உரக்கப் படித்தான். சடையன் மரியாதையாகக் கேட்டுக்கொண்டார். படித்து முடித்ததும், "சரிங்க" என்றார். நின்றபடியே நின்றார். சரியாகக் காதில் விழவில்லையோ என்று அறிவரசன் இன்னொரு தரம் படித்தான். அவர் இன்னொரு தரம் சரிங்க என்றார். கமலவேணி அங்கேயே மண்ணில் உட்கார்ந்து அழுதாள். மூன்று பயணம், ஒரு மாத அலைச்சல், பங்குனியில் இன்னும் ஐந்தே நாள். அவளுக்கு எல்லார் மேலும் வெறுத்துவிட்டது, சடையன் மேலும்தான். பைக்குள் இருந்த பிரதிகளை எடுத்துக் கிழிக்கப் போனாள். அறிவரசன் அவற்றை வாங்கிப் புரட்டினான், பின்பக்கத்தில் எழுதியிருந்ததைப் பார்த்தான். திட்டிலிருந்து அவளைக் கீழே கூட்டிக்கொண்டு வந்து, ஆலை லாரிகளின் எடைமேடை நிழலில் வைத்துத் தமிழில் சொன்னான். முன் சங்கிலிக்காரன் பொன்னன், பின் சங்கிலிக்காரன் சடையனின் தம்பி, வயது இருபது. காலையிலேயே பேதி கண்டும் மறைத்து வேலைக்கு வந்திருக்கிறான். மத்தியானம் மேட்டுக்கு அப்பால் இறந்தான். தலையாரியைக் கொண்டு உடல் புதைக்கப்பட்டது. அவன் தொட்ட சங்கிலியைத் தொட ஆட்கள் மறுப்பதால் சங்கிலி கைவிடப்பட்டது. முகாம் உடனே கலைக்கப்படுகிறது. எழுதியிருந்தது அவ்வளவுதான். மேட்டுக்கு இந்தப் பக்கம் நிற்கும் அண்ணனிடம் யாராவது போய்ச் சொன்னார்களா என்பதைப் பற்றி ஒரு வரியும் இல்லை.

அன்று கமலவேணி வீட்டில் சமைக்கவில்லை. தம்பி செத்துப்போன சேதியை ஒரு மனிதருக்கு இத்தனை காலம் கழித்து எப்படிச் சொல்வது, சொன்னால் அந்த நிற்கிற உடம்பு தாங்குமா என்று ராசாங்கத்திடம் கேட்டுக்கொண்டே இருந்தாள். மறுநாள் காலையில் கஞ்சியில் பாதியை ஊட்டிய பிறகு, வெங்காயத்தைக் கையில் வைத்துக்கொண்டே, பொன்னன் இறந்துட்டாராம் தாத்தா, பேதியாம் என்றாள். சடையன் வாயில் இருந்த கஞ்சியை விழுங்கினார்.

"தெரியும் ஆயி. அன்னிக்கு மத்தியானமே தெரியும். சங்கிலி நடுங்குச்சு. அப்பறம் கனத்துச்சு. பய சாஞ்சுட்டான்னு கை சொல்லுச்சு. நான் வுட்டா வுழுந்துருவான்ல. அதான் புடிச்சிக்கிட்டு நிக்கிறேன்."

ஊர் நூற்றுப் பதினான்கு வருடமாக அவரைத் துரையின் பேச்சைத் தட்டாத ஆள் என்று சொல்லிவந்தது. அதில் கொஞ்சம் இளக்காரமும் இருந்தது. துரை ஞாபகமே அவருக்கு இல்லை. கமலவேணி வெங்காயத்தைச் சொம்புக்குள் போட்டுவிட்டு அவர் கையைத் தொட்டுப் பார்த்தாள். சங்கிலிப் பிடியைச் சுற்றி விரல்கள் கருவேலங் கட்டையாக இறுகியிருந்தன. தோள் வலிக்கவில்லையா என்று இத்தனை வருடத்தில் ஒரு நாள்கூடத் தான் கேட்கவில்லை என்பது அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. வெட்கமாக இருந்தது.

"நாங்க வந்து புடிச்சிக்கிட்டா வுட்டுடுவீங்களா தாத்தா?"

சடையன் பள்ளத்துக்கு மேலே நின்ற கைப்பிடியைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

"மெள்ள எறக்கணும். ஒல்லிப் பய. எறக்கிப் படுக்க வெச்சிட்டு மூணு தரம் அசை."

ஞாயிற்றுக்கிழமை வெடி வைக்கமாட்டார்கள் என்பதால் அன்றைக்கு வைத்துக்கொண்டார்கள். ராசாங்கம் பொக்லைனைப் பள்ளத்தில் கைப்பிடிக்கு நேர் கீழே நிறுத்தினான். கமலவேணி ஒரு போர்வையோடு அதன் வாளிக்குள் ஏறி நின்றாள். வாளி மெல்ல மெல்ல உயர்ந்து கைப்பிடிக்குப் பக்கத்தில் வந்தது. அவள் முதலில் கைப்பிடியைப் பிடித்தாள், பிறகு அதற்கு அந்தப் பக்கம் வெறும் காற்றில் கையை நுழைத்து அணைத்துக்கொண்டாள். கனம் இருந்தது. காய்ச்சல் உடம்பின் சூடும் இருந்தது. ராசாங்கத்துக்குக் கையைக் காட்டினாள். வாளி இறங்க இறங்க, மேலே சடையன் சங்கிலியை விடாமல் திட்டின் விளிம்பை நோக்கி மூன்று தப்படி நடந்தார். 1911க்குப் பிறகு அவர் நடந்தது அதுதான் முதல். டிப்பர் டிரைவர்கள் என்ஜினை அணைத்துவிட்டு இறங்கி நின்றார்கள். கமலவேணி வாளியிலிருந்து இறங்கி, போர்வையை விரித்து, அணைத்திருந்ததை அதில் படுக்கவைத்தாள். போர்வை ஒரு ஆள் நீளத்துக்கு அமுங்கியது. தலைக்குக் கீழே தன் முந்தானையைச் சுருட்டி வைத்து, அது எட்டாமல் கிழிந்தபோது கிழியட்டும் என்று விட்டாள். பிறகு கைப்பிடியைப் பிடித்து மூன்று தரம் அசைத்தாள்.

சங்கிலி தளரவில்லை. எல்லாரும் மேலே பார்த்தார்கள். விரல்கள் பிரிவதற்கு நேரம் பிடித்தது. சுண்டுவிரல் கடைசியாக வந்தது. சங்கிலி சடசடவென்று பாறைச் சரிவில் விழுந்து, பள்ளத்துக்குள் கிடந்தது. "வுட்டுட்டேன்டா பொன்னா" என்று சடையன் சொன்னது கீழே வரைக்கும் கேட்டது. பிறகு வாய்விட்டு அழுதார். அறிவரசன் எடைமேடையிலிருந்து ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு திட்டுமேல் ஓடினான். அவரை உட்காரவைக்க இரண்டு பேர் வேண்டியிருந்தது, முழங்கால் மடங்க மறந்துபோயிருந்தது.

அன்றைக்கே ஈச்சங்கொல்லைச் சுடுகாட்டில் அந்தப் போர்வையை அடக்கம் செய்தார்கள். தூக்க நான்கு பேர் தேவைப்பட்டார்கள். பாதி வழியில் ஒருவன் தோள் மாற்றிக்கொண்டான். சடையன் டிராக்டரில் உட்கார்ந்து வந்து முதல் பிடி மண்ணைப் போட்டார். பங்குனி கடைசியில் ராசாங்கமே திட்டை எடுத்தான். சடையன் கமலவேணி வீட்டில் பதினோரு நாள் தூங்கினார், எழுந்து குளித்தார், பொன்னன் செத்ததை எங்கேயாவது எழுதி வைக்க வேண்டாமா என்று கேட்டார். கமலவேணி அவரைச் செந்துறையில் இறப்புப் பதிவு ஆபீசுக்குக் கூட்டிப்போனாள். எழுத்தர் படிவத்தை எடுத்து ஒவ்வொன்றாகக் கேட்டு எழுதினார். இறந்தவர் பெயர் பொன்னன். வயது இருபது. இறந்த இடம், ஈச்சங்கொல்லைக் காடு. தகவல் சொல்பவர், அண்ணன் சடையன். ஒரு வருடத்துக்குமேல் ஆகியிருந்தால் தாமதத்துக்குக் காரணம் எழுத வேண்டும், என்னங்க காரணம் என்றார்.

"இப்பதாங்க கீழ எறக்கி வெச்சோம்" என்றார் சடையன்.

எழுத்தர் அதை அப்படியே எழுதிக்கொண்டு, கைநாட்டு வைக்க மைப்பெட்டியை அவர் பக்கம் நகர்த்தினார்.