ஹோமத்துக்குக் கட்டிய பை

பிரிக்பீல்ட்ஸ் கடைத்தெருவில் இருந்த தன் கடைவீட்டின் இரண்டாம் மாடிக்கு வந்து லோகேஸ்வரி அண்ணாந்து பார்த்தாள்.

நடைவழிக் கூரையில் இருந்த, புகை பட்டால் மணியடிக்கும் கருவியை ஒரு பிளாஸ்டிக் பை மூடியிருந்தது. ரப்பர் வளையம் போட்டு இறுக்கியது அவள்தான். தைப்பூசத்துக்கு முன் இங்கே கணபதி ஹோமம் செய்தபோது, புகைக்கு மணி அலறக் கூடாதென்று நாற்காலியில் ஏறிக் கட்டினாள். அவிழ்க்க மறந்துவிட்டாள். இப்போது கீழே கடைகளில் தீபாவளி விளக்குகள் தொங்குகின்றன.

இத்தனை மாதமும் யாரும் சொல்லவில்லை. பார்த்துச் சொல்ல இங்கே யாருமில்லை. உடம்பு பிடித்துவிடும் கன்னையாவும் அவர் மனைவி தாமரையும்தான் இந்த மாடியில் வாடகைக்குக் குடியிருந்தார்கள். இருவருக்கும் கண் தெரியாது. தீப்பிடித்தால் அவர்களை எழுப்ப அந்த மணி ஒன்றுதான்.

நாளை பொம்பா தீயணைப்பு அதிகாரிகள் கட்டடத்தைச் சோதிக்க வருகிறார்கள். பையை உருவிவிட்டால் யாருக்கும் தெரியாது. நாற்காலியை இழுத்துப் போட்டு ஏறி உருவினாள். ஆனால் மணி அடிக்குமா?

"யாரு, அக்காவா?" கன்னையா கதவைத் திறந்தார். "நாற்காலி இழுக்கிற சத்தம் கேட்டுச்சு."

"ஆமா. மணி அடிக்குதான்னு பாக்கணும். சாம்பிராணி இருக்கா கன்னையா?"

"இன்னைக்கு வெள்ளிக்கிழமை இல்ல லா." சிரித்தார். "முன்னெல்லாம் சாம்பிராணி போட்டாலே மணி கத்தும். தாமரை பயந்து படி வரைக்கும் ஓடுவா. இப்ப சத்தமே இல்ல. அக்கா ரிப்பேர் பண்ணிட்டாங்க, நல்லா பாத்துக்கறாங்கன்னு அவகிட்ட சொன்னேன்."

உள்ளே போய்ச் சாம்பிராணி புகையவிட்டுக் கொண்டுவந்தார். அவள் தூபக்காலை வாங்கி, நாற்காலியில் ஏறிக் கருவிக்கு நேராகப் பிடித்தாள். புகை அதைச் சுற்றிச் சுழன்றது. கை கனத்தது. கன்னையா தலையைச் சாய்த்துக் காத்திருந்தார். அவர் முகத்திலிருந்த சிரிப்பு மெல்லப் போனது.

"ஏன் அடிக்கல அக்கா?"

சொன்னாள். ஹோமம், பை, மறதி, இப்போது கருவியே கெட்டுக் கிடப்பது, எல்லாம். அவர் கதவுச் சட்டத்தை விரலால் தடவிக்கொண்டே நின்றார்.

"போன வாரம் தாமரை அடுப்புல பால வச்சிட்டுத் தூங்கிட்டா," என்றார் பிறகு. "தீய்ஞ்ச வாடை வந்துச்சு. மணி அடிக்கல, அதனால ஒண்ணுமில்லன்னு நானும் திரும்பிப் படுத்துட்டேன். அப்புறம் இருமல் வந்துதான் எழுந்தேன்."

லோகேஸ்வரி நாற்காலியிலிருந்து இறங்கினாள்.

"நாளைக்குச் சோதிக்க வர்ற பொம்பாக்காரங்ககிட்ட நானே சொல்லிடுறேன். இது சரியாகுற வரைக்கும் ரெண்டு பேரும் கிள்ளானுக்கு வந்துடுங்க, என் வீட்டுக்கு."

"வரோம்." கொஞ்சம் யோசித்தார். "அங்க மணி இருக்கா அக்கா?"

அவள் தன் வீட்டுக் கூரையை ஒவ்வோர் அறையாக நினைத்துப் பார்த்தாள். மின்விசிறிகள்தான் நினைவுக்கு வந்தன.