ஐந்தாம் வரிசையில் நிற்பவள்

செம்பட்டி சாலைக் குடோனில் ஐந்தாம் வரிசைக்குள் சோப்பு எடுக்கப் போன மெஹராஜ், மாசியில் நுழைந்து வைகாசியில் வெளியே வந்தாள். நெற்றி வியர்வைகூடக் காயவில்லை. தனக்குச் செத்த நேரம்தான் ஆனது என்றாள். இடைப்பட்ட நாளெல்லாம் அவள் கணவன் ஹஸ்ஸான் வரிசையின் முனையில் நின்று கூப்பிட்டால் “இந்தா வாரேன்” என்று குரல் மட்டும் வரும். உள்ளே போய்ப் பார்த்தால் ஆள் இருக்காது. அந்த வரிசையில் முன்பும் சிலர் சுணங்கியதுண்டு, ஆனால் மதியம் போனவர்கள் சாயங்காலம் வந்துவிடுவார்கள். பல கடைச் சரக்கையும் ஒரே நடையில் எடுக்கப் போனவள் இவள்தான்.

அந்த முறையைக் கொண்டுவந்தவள் சூப்பர்வைசர் கிளாரா. அதுவரை ஆளுக்கொரு கடையின் ஆர்டரோடு குடோன் முழுக்க நடந்தார்கள். தைப்பூசத்துக்குப் பழனிக் கடைகளின் சரக்கு பிந்தியதும், சேர்த்து எடுத்தால் நடை குறையுமென்று மாற்றினாள். நடை குறைந்தது. ஆனால் மெஹராஜின் குழந்தை ரஃபியா அவள் வெளியே வருவதற்குள் தவழப் பழகிவிட்டது. தாய் தூக்கியதும் வேற்றாளைக் கண்டதுபோல வீறிட்டது. அதைப் பார்த்த கிளாராவுக்கு அன்று சோறு இறங்கவில்லை.

மறுபடி முறையை மாற்றினாள். இனி யாரும் நடக்க வேண்டாம். அவரவர் வரிசை முனையில் நின்று, தன் சரக்கைப் போட்டு, சக்கரக் கூடையை அடுத்தவருக்குத் தள்ளிவிட வேண்டும். ஐந்தாம் வரிசைக்கு யாரும் ஒப்பாததால் கிளாராவே போய் நின்றாள். முதல் கூடை அவள் கை படுமுன் தானாக உள்ளே உருண்டு போனது. கூடை திரும்பி வந்தபோது சரக்கு எதுவும் குறையவில்லை. எண்ணெய் பாட்டில்கள் ஒன்று நிமிர்ந்தும் ஒன்று கவிழ்ந்தும் சோப்புகளுக்கு நடுவே செருகப்பட்டிருந்தன. குடோனில் அப்படி அடுக்குகிறவள் மெஹராஜ் ஒருத்திதான். அவளோ இரண்டாம் வரிசையில் பருப்பு எடுத்துக்கொண்டிருந்தாள்.

கூப்பிட்டுக் காட்டியதும் மெஹராஜ் பாட்டில்களைத் தடவிப் பார்த்தாள்.

“நான்தான்க்கா. முழுசா வெளிய வரல போல.”

வரிசையை அடைத்துவிடலாமா என்று கிளாரா கேட்டாள்.

“அடச்சுட்டா அங்கன இருக்கவ என்ன செய்வா?”

அடைக்கவில்லை. பழனிக்குச் சரக்கு இப்போது பிந்துவதில்லை. ரஃபியா பள்ளிக்கூடம் போகிறாள். டீக்காரர் வந்தால் மெஹராஜ் இரண்டு டம்ளர் வாங்குகிறாள், இரண்டிலும் சர்க்கரை தூக்கலாக. ஒன்றைக் கூடையில் வைத்து ஐந்தாம் வரிசைக்குள் தள்ளிவிட்டு, மற்றதை ஆறுமுன் குடிக்கிறாள்.