பாதி வீட்டின் விலை

பிரிவது என்று முடிவானபோது அவர்கள் சண்டை போடவில்லை. போட வேண்டியதையெல்லாம் முந்தின வருடங்களிலேயே போட்டுத் தீர்த்திருந்தார்கள். பிள்ளைகள் இல்லை. பாத்திரம், துணிமணி, டிவி எல்லாம் ஒரே ஞாயிற்றுக்கிழமையில் பிரிந்துவிட்டன. மிச்சமிருந்தது வீடு. அதை அவள் வைத்துக்கொண்டு அவனுக்குப் பாதி விலையைக் கொடுத்துவிடுவது என்று பேச்சு. எந்த விலையில் பாதி என்கிற இடத்தில் பேச்சு நின்றுபோனது. அவள் சொன்ன தொகையைக் கேட்டு அவன் சிரித்தான். அவன் சொன்ன தொகையைக் கேட்டு அவள் போனை வைத்துவிட்டாள். கடைசியில், இருவருக்கும் பொதுவாக ஒரு மதிப்பீட்டாளரை அழைப்பது, அவர் சொல்லும் விலையை மறுபேச்சில்லாமல் ஏற்றுக்கொள்வது என்று வக்கீல்கள் இருவரிடமும் கையெழுத்து வாங்கினார்கள்.

அவள் பல் லாபில் வேலை பார்த்தாள். பல் டாக்டர்கள் எடுத்து அனுப்பும் அச்சுகளை வைத்துப் பல்செட் செய்வது அவள் தொழில். அவன் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருந்தான். கல்யாணத்தில் சொந்தக்காரர்கள் இதைச் சொல்லியே கேலி செய்தார்கள். வயதான காலத்தில் இந்த ஜோடிக்குப் பல்லும் கண்ணும் இலவசம், செலவே கிடையாது என்று. வயதான காலம் வரை அவர்கள் சேர்ந்திருக்கவில்லை.

வீடு, பழைய நாலு மாடிக் கட்டடத்தில் மூன்றாவது மாடி. வாங்கும்போது பார்க்கச் சகிக்காது. முன்பிருந்தவர்கள் மரத்தரையின் மேல் லினோலியம் விரிப்பை ஒட்டியிருந்தார்கள். கதவுகளில் பெயின்ட் மேல் பெயின்டாக ஏறி, தாழ்ப்பாள் கூடப் போட முடியாது. கூடத்தின் கூரையைப் பலகை அடித்து மறைத்திருந்தார்கள். அந்தப் பலகைகளைப் பிரித்த அன்று, கூரையின் நான்கு ஓரங்களிலும் சுதைப் பூவேலை ஓடுவது தெரிந்தது. பாதிப் பூக்கள் உதிர்ந்து, பல் போன வாய் மாதிரி இருந்தது.

அவளுக்கு அன்று பிடித்த பைத்தியம் ஆறு வருடம் விடவில்லை. முழுசாக இருந்த ஒரு பூவின்மேல் லாபில் அச்சு எடுக்கும் ரப்பரைப் பூசி, அந்த அச்சில் பல்லுக்கு ஊற்றும் பிளாஸ்டர் மாவையே ஊற்றிப் பூ செய்தாள். ஒவ்வொன்றாக ஏணியில் ஏறி ஒட்டினாள். பிறகு தரையைத் தேய்த்தாள், கதவுகளைச் சுரண்டினாள், குளியலறைக்கு ஓடு பதித்தாள். அவன் முதல் இரண்டு மாதம் ஏணியைப் பிடித்தான். அப்புறம் விடுமுறை நாளில்தான் கடையில் கூட்டம் என்று கிளம்பிவிடுவான். "எங்க வீட்டுல கூரைக்குப் பல் கட்டுறாங்க" என்று நண்பர்களிடம் சொல்லிச் சிரிப்பான். அவளும் கூடச் சிரிப்பாள். முதலில் நிஜமாகவே சிரித்தாள்.

மதிப்பீட்டாளர் வருகிற அன்று காலையில் அவளுடைய தங்கை வந்துவிட்டாள். தங்கை ஒரு பெரிய ஹோட்டலில் அறைகளைத் தயார் செய்யும் பிரிவில் மேற்பார்வை பார்ப்பவள். செருப்பைக் கழற்றும்போதே வேலையை ஆரம்பித்தாள்.

"என்னக்கா, இப்படிப் பளபளன்னு வச்சிருக்க? உனக்கு விலை குறையணுமா, ஏறணுமா?"

"குறையணும்."

"அப்போ விலகு. ரூமை அழகாக்கத் தெரிஞ்சவளுக்கு அசிங்கமாக்கத் தெரியாதா?"

ஜன்னல் திரைகளைப் பாதி இழுத்துவிட்டாள். கூடத்தின் நடுவில் துணி உலர்த்தும் ஸ்டாண்டைக் கொண்டுவந்து போட்டு, ஈரத் துண்டுகளைத் தொங்கவிட்டாள். குளியலறைச் சுவரில் ஈரம் பூத்த மூலையை மறைத்திருந்த தொட்டிச் செடியை எடுத்துப் பால்கனியில் வைத்தாள். அக்கா ஓரமாக நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். சொந்த வீட்டுக்கு வேஷம் கட்டுவது கூச்சமாகத்தான் இருந்தது. ஆனால் ஒவ்வொரு துண்டும், அவனுக்குக் கொடுக்க வாங்கப்போகும் வங்கிக் கடனில் ஒரு தவணையைக் குறைக்கும் என்று தங்கை சொன்னபோது, இன்னும் இரண்டு துண்டு எடுத்துக் கொடுத்தாள்.

சொன்ன நேரத்துக்கு முன்னாலேயே அவன் வந்தான். புதுச் சட்டை. கூடத்தைப் பார்த்ததும் நின்றான்.

"என்னது இது, லாண்டரியா?"

"வீடுன்னா துணி துவைப்பாங்க அத்தான்" என்றாள் தங்கை.

நேரே போய்த் திரைகளைத் திறந்தான். ஸ்டாண்டைத் துண்டுகளோடு தூக்கிப் படுக்கையறைக்குள் வைத்துக் கதவைச் சாத்தினான். தங்கை அக்காவைப் பார்த்தாள். அதற்குள் அழைப்பு மணி அடித்துவிட்டது.

மதிப்பீட்டாளர் ஐம்பது வயதுப் பெண்மணி. ஜலதோஷம் பிடித்திருந்தது. ஒரு கையில் கைக்குட்டை, இன்னொரு கையில் சுவருக்குச் சுவர் சிவப்புப் புள்ளி அடித்து அளக்கும் சின்னக் கருவி. தண்ணீர் வேண்டுமா என்று கேட்டதற்கு வேண்டாம் என்று தலையசைத்துவிட்டு அளக்க ஆரம்பித்தார்.

அவன் அவர் பின்னாலேயே போனான்.

"மேடம், கூரையைக் கொஞ்சம் பாருங்க. அந்தப் பூவெல்லாம் அந்தக் காலத்துது. பாதிக்கு மேல விழுந்துபோச்சு. இவங்கதான் ஒவ்வொண்ணா அச்சு எடுத்துச் செஞ்சாங்க. எது பழசு, எது புதுசுன்னு கண்டுபிடிங்க பார்ப்போம்."

"அப்படி ஒண்ணும் இல்லை" என்றாள் அவள். "அவசரத்துல செஞ்சது. ஒண்ணு ரெண்டு கோணலாவே இருக்கு."

"ஒண்ணே ஒண்ணுதான் கோணல். ஜன்னல்லேருந்து மூணாவது. அதுவும் சொன்னாத்தான் தெரியும்."

அவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது. அந்தப் பூவைப் பற்றி அவள் யாரிடமும் சொன்னதில்லை.

தரைக்கு வந்தார்கள். நடந்தால் கிறீச்சிடும், இடுக்கில் தூசி சேரும் என்று அவள் சொன்னாள். இந்த மாதிரி மரம் இன்றைக்குக் காசு கொடுத்தாலும் கிடைக்காது, மூன்று தரம் தேய்த்து, மூன்று தரமும் கையாலேயே எண்ணெய் பூசியது என்று அவன் சொன்னான். கதவுக் கைப்பிடிகள் பொருந்தவில்லை என்றாள். பழைய சாமான் கடைகளில் தேடித்தேடி அதே வார்ப்பில் வாங்கியவை, ஒன்றுக்காக மட்டும் வேறு ஊர் வரை போய் வந்தாள் என்றான் அவன். அவள் தன் வேலையைத் தானே திட்டிக்கொண்டு போக, அவன் ஒன்றையும் விடாமல் புகழ்ந்துகொண்டு வந்தான். தங்கை சமையலறை வாசலில் நின்று இந்தக் கூத்தைப் பார்த்தாள். சிரிப்பதா, தலையில் அடித்துக்கொள்வதா என்று அவளுக்குத் தெரியவில்லை.

மதிப்பீட்டாளர் பால்கனியை அளக்கப் போனபோது, அக்கா அவனிடம் குரலைத் தாழ்த்திக் கேட்டாள்.

"இதெல்லாம் எப்போ பார்த்தீங்க?"

"பார்த்துக்கிட்டுத்தானே இருந்தேன்."

"ஒரு தடவைகூடச் சொன்னதில்லையே."

அவன் யோசித்தான். "நல்லா இருக்குன்னு சொன்னா, திரும்ப ஏணியைப் பிடிக்கச் சொல்லுவ."

வேறு சமயமாக இருந்தால் அவள் கத்தியிருப்பாள். இப்போது அலுப்பாக இருந்தது. அவன் பொய் சொல்லவில்லை என்பது மட்டும் புரிந்தது.

மதிப்பீட்டாளர் மூக்கைத் துடைத்துக்கொண்டு உள்ளே வந்தார். "இந்த வேலையெல்லாம் எந்த கான்ட்ராக்டர் செஞ்சது?"

"நானேதான்" என்றாள் அவள்.

"ஓ. ஆள் வைக்கலையா? அப்போ வாங்கறவங்க மறுபடி செய்ய வேண்டியிருக்கும்னு நினைப்பாங்க."

அவள் காலையிலிருந்து காத்திருந்த வார்த்தை இதுதான். இதற்கு ஆமாம் போட்டால் போதும். ஆனால் முகம் சூடேறிவிட்டது.

"எந்த கான்ட்ராக்டர் செஞ்சாலும் இப்படி வராது. ஏணி தரேன், ஏறிப் பாருங்க. ஒரு விரிசல் இருந்தாச் சொல்லுங்க."

தங்கை பின்னாலிருந்து அவள் இடுப்பைக் கிள்ளினாள். அவன் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான்.

மதிப்பீட்டாளர் ஏணியெல்லாம் கேட்கவில்லை. "பாருங்கம்மா, வீட்டோட நிலைமைன்னு என்கிட்ட மூணு கட்டம்தான் இருக்கு. மோசம், பரவாயில்லை, நல்லா இருக்கு. இது நல்லா இருக்கு. மத்தபடி சதுர அடி, எத்தனாவது மாடி, லிஃப்ட் உண்டா, தெரு எப்படி, மொட்டை மாடி ஒழுகுதா, இவ்வளவுதான்."

"அப்போ அந்தப் பூவேலை?" என்றான் அவன்.

"அதுவும் அந்த நல்லா இருக்குலயே வந்துடுது."

அவர் தும்மிக்கொண்டே படியிறங்கிப் போனார். மூவரும் கூடத்தில் நின்றார்கள். தங்கைதான் முதலில் சிரித்தாள். பிறகு அவர்களும் சிரித்தார்கள். வெகு நாளைக்குப் பிறகு அந்த வீட்டில் எல்லோரும் ஒரே விஷயத்துக்குச் சிரித்தார்கள்.

விலை அடுத்த வாரம் வந்தது. அவள் சொன்னதைவிட ஒரு நல்ல கார் விலை அதிகம், அவன் கேட்டதைவிட ஒரு சுமாரான கார் விலை குறைவு. வங்கியில் கேட்டாள். கடன் கிடைக்கும், கையைக் கடிக்கும், ஆனால் முடியும் என்றார்கள். அவள் விண்ணப்பத்தை நிரப்பிக்கொண்டிருந்த சமயத்தில் அவன் போன் செய்தான்.

"ஒண்ணு கேட்பேன். கோபப்படக் கூடாது."

"கேளுங்க."

"அந்த வீட்டை நான் வச்சுக்கட்டுமா? அதே விலை. உன் பாதியை நான் தரேன்."

அவள் பேனாவை விண்ணப்பத்தின் மேல் வைத்தாள்.

"அன்னைக்கு அந்த அம்மாகிட்டப் பேசிட்டு வந்ததுலேருந்து அதே நினைப்பா இருக்கு. இப்போ இருக்கற வாடகை ரூம்ல கூரையைப் பார்த்தா எரிச்சலா வருது" என்றான். சொல்லிவிட்டு அவனே சங்கடப்பட்டான். "வேண்டாம்னா விட்டுடு."

"நாளைக்குச் சொல்றேன்."

போனை வைத்தபின் கோபம் வரும் என்று காத்திருந்தாள். வரவில்லை. அறை அறையாக நடந்தாள். கிறீச்சென்றது தரை. குளியலறை மூலையில் ஈரம் இன்னும் ஒரு விரல் ஏறியிருந்தது. கைப்பிடிகள் நிஜமாகவே பொருந்தவில்லை. அன்று அவள் சொன்ன குறைகள் எல்லாமே உண்மைதான். விலையைக் குறைப்பதற்காகச் சொன்னவை என்பதால் பொய்யாகிவிடாது. சரிசெய்யலாமா என்று பார்த்தாள். மனம் வரவில்லை. வேலை நடந்துகொண்டிருந்த வருடங்களில் அவள் இந்த வீட்டில் ஆனந்தமாக இருந்தாள். வேலை முடிந்தபின் வெறுமனே குடியிருந்தாள். குடியிருப்பதற்காகப் பதினைந்து வருடம் கடன் கட்ட வேண்டுமா என்று கேட்டுக்கொண்டபோது, வேண்டாம் என்றுதான் பதில் வந்தது. மறுநாள் காலை லாபிலிருந்து அவனுக்குப் போன் செய்து, சரி, வைத்துக்கொள்ளுங்கள் என்றாள்.

தங்கை குதித்தாள். "ஆறு வருஷம் நீ ஏணில நின்ன. இனிமே அவர் சோபாவுல படுத்துக்கிட்டு மேல பார்த்து ரசிப்பாரா? வயிறு எரியுதுக்கா எனக்கு."

"சும்மா பார்க்கலையே. காசு கொடுத்துத்தானே பார்க்கறார்."

"நீ ரொம்ப நல்லவ மாதிரி பேசாதே."

"நல்லவ இல்லைடி. எனக்குப் போதும்."

சாவி கொடுக்கிற அன்று அவன் பேனாவும் கையுமாக நின்றான். தரைக்கு எந்த எண்ணெய், மழைக்காலத்தில் இறுகிக்கொள்ளும் ஜன்னலை எப்படித் திறப்பது என்று கேட்டுக் கேட்டு உள்ளங்கையில் எழுதிக்கொண்டான். அவள் பொறுமையாகச் சொன்னாள்.

"ஏதாவது சந்தேகம்னா கேட்கலாமா?"

"தச்சர் நம்பர் தரேன். அவரைக் கேளுங்க."

அவன் தலையாட்டினான். நம்பரை உள்ளங்கையில் எழுத இடமில்லாமல் மணிக்கட்டில் எழுதிக்கொண்டான். அவள் கடைசிப் பெட்டியைத் தூக்கினாள். அவன் உதவிக்கு வந்தான். வேண்டாம் என்று சொல்லாமல் ஒரு பக்கத்தைப் பிடிக்கவிட்டாள். கீழே தங்கை காரின் பின்கதவைத் திறந்துவைத்து, மூட்டைகளை ஒன்றன்மேல் ஒன்றாக அழுத்திக்கொண்டிருந்தாள். பெட்டி உள்ளே போகவில்லை. மூவருமாகச் சேர்ந்து எல்லாவற்றையும் வெளியே இறக்கி, மறுபடி முதலிலிருந்து அடுக்கினார்கள்.