டல்சியின் பச்சை வெல்வெட் சோபா

கம்பளி உறை போட்ட நாற்காலியை நான் சுத்தம் செய்தால், டப்போ நெடுஞ்சாலையில் ஆட்டு லாரி போகும்போது அது "மே" என்று பதில் சொல்லும். போன ஈஸ்டரில் பாதிரியாரின் நாற்காலி பிரசங்கத்தின் நடுவே கத்தியது. கம்பளிக்குச் சுடுதண்ணீர் கூடாது, அவ்வளவுதான் விஷயம். கிளப் தலைவரின் லினன் நாற்காலியை எவனோ சுடுதண்ணீரில் ஊறவைத்தான். அது சுருங்கியதில் உறையைக் கத்தரித்துத்தான் அவரை வெளியே எடுத்தார்கள்.

எனக்கும் என் தொழில் கூட்டாளி நெவ் ஹார்ட்டிகனுக்கும் வண்டி ஒன்று, தேநீர்க் குடுவை ஒன்று, சட்டமும் ஒன்று. மெத்தைக்கு அடியில் தைத்திருக்கும் சீட்டை முதலில் பார்க்க வேண்டும். தண்ணீரா, உலர்சலவைத் திரவமா, வெறும் தூசி உறிஞ்சியா என்று அது சொல்லும். சீட்டு இல்லையென்றால், ஒருவன் பின்பக்க மூலையில் ஒரு சொட்டுத் தண்ணீர் வைத்து, வெள்ளைத் துணியால் ஒற்றி, காயும்வரை காத்திருந்து சொல்ல வேண்டும்; வளையம் விழுந்தால் தண்ணீர் ஆகாது. அவன் சொன்னதே தீர்ப்பு. மற்றவன் குனிந்து சரிபார்ப்பது பெரிய அவமானம்.

டல்சி மெக்ரே கணவரை இழந்தவர். வியாழன்தோறும் எனக்கு லாமிங்டன் கேக் எடுத்து வைப்பார். அவரிடம் கல்யாணப் பேச்சு எடுக்கப் போகிறேன் என்று நெவ்விடம் மட்டும் சொல்லியிருந்தேன். பெர்த்திலிருந்து மகள் வருகிறாள், சோபாவில் தேநீர்க் கறை, வாருங்கள் என்று டல்சி கூப்பிட்டபோது, இதுதான் நேரம் என்று சட்டைக்கு இஸ்திரி போட்டேன்.

"சீட்டா? குத்துதுன்னு கத்தரிச்சிட்டேன்" என்று சொல்லிவிட்டு டல்சி அடுக்களைக்குப் போனார்.

நெவ் சோபாவின் பின்னால் போய்ச் சொட்டு வைத்தான். வெகுநேரம் கழித்து எழுந்தான்.

"பருத்தி வெல்வெட்டுதான்டா க்ளெம். தண்ணியே போதும். ரெண்டு தடவ பாத்துட்டேன்."

"ரேயான் மாதிரி மினுங்குதேடா? அதுக்குத் தண்ணி ஆகாதே?"

"உன் வழுக்கையும்தான் மினுங்குது. அதுவும் ரேயானா?"

சிரித்துக்கொண்டே நனைத்தேன். காயக் காய, வெல்வெட்டின் மயிர் எல்லாம் மழையில் நனைந்த போஸம் பிராணியின் ரோமம்போலப் படிந்தது. நடுவே வெள்ளை விளிம்போடு ஆஸ்திரேலியாவின் வரைபடம் எழுந்தது. டாஸ்மேனியாத் தீவுகூடச் சரியான இடத்தில் இருந்தது.

டல்சி வந்து வாயில் கை வைத்தார்.

"நான் அப்பவே சொன்னேன் டல்சி" என்றான் நெவ். "தண்ணி ஆகாது, ஜன்னலத் தெறந்து வச்சு உலர்சலவைத் திரவம் தொட்டுத் துடைன்னு. இவன் கேட்டாத்தானே?"

வண்டியில் ஏறிய நாள் முதல் செய்யாததை அப்போது செய்தேன். சோபாவின் பின்னால் குனிந்தேன். அவன் சொட்டு வைத்த மூலையில், காய்ந்து விறைத்த ஒரு வெள்ளை வளையம். அவன் பார்த்திருக்கிறான். பார்த்துவிட்டுத்தான் எழுந்து வந்திருக்கிறான்.

"டல்சி, இதப் பாருங்க. இந்த மூலைய நான் தொடவே இல்ல."

அவர் பார்த்தார். நெவ் கூரையைப் பார்த்தான்.

"ரெண்டு தடவ பாத்தேன்னு நீங்க சொன்னது அடுக்களை வரைக்கும் கேட்டுது நெவ்" என்றார். "போயிடுங்க. ரெண்டு பேரும்."

"நான் என்னங்க பண்ணேன்?"

"என்னக் கட்டிக்கணும்னு இந்தாள்கிட்ட சொல்லத் தெரிஞ்சுதில்ல? போன வாரம் அவர்தான் வந்து சொல்லிச் சிரிச்சாரு. என்கிட்ட சொல்ல உங்களுக்கு வாய் வரலயா க்ளெம்?"

தொப்பியை எடுத்துக்கொண்டு வெயிலில் நடந்தேன். நிழல்கூடச் சூடு தாங்காமல் என் காலணிக்குள் ஒளிந்துகொண்டது. நெவ் வண்டியை என் பக்கத்திலேயே உருட்டிக்கொண்டு வந்தான்.

"ஏறுடா. செத்துருவ."

நான் ஏறவில்லை. கடைசியில் ஜன்னல் வழியே தேநீரை நீட்டினான். நாக்கு வறண்டிருந்தது, வாங்கிக்கொண்டேன். பையிலிருந்து வெள்ளைத் துணியை எடுத்தேன், ஒரு மூலையைத் தேநீரில் நனைத்தேன், சாலையோர வேலியில் விரித்துப் போட்டேன்.

"என்னடா பண்ற?"

"காயட்டும், பாத்துட்டுக் குடிக்கிறேன்" என்றேன்.