பன்னிரண்டு காலடி

சிஸுருவின் நோட்டுப் புத்தகத்தில் வார்த்தைக்குப் பஞ்சமே இல்லை. இடது தோளில் நத்தை ஊர்கிறது. முழங்காலுக்குள் ஈரச் சாம்பல். முதுகுக்குப் பின்னால் யாரோ கதவைச் சாத்துகிறார்கள். இப்படிப் பக்கம் பக்கமாக. உடம்பெல்லாம் வெள்ளை பூசி ஆடும் ஜப்பானியப் புத்தோ ஆட்டத்தில் கை இப்படி, கால் அப்படி என்று அவளுக்கு யாரும் ஆடிக் காட்டவில்லை. இந்த வார்த்தைகளைத்தான் கொடுத்தார்கள். கேட்ட உடம்பு தானாக மாற வேண்டும். பாடம் அவ்வளவுதான். அந்த அவ்வளவுதான் நாலு மாதமாக அவளுக்கு வரவில்லை, பாருங்கள்.

சனிக்கிழமை ஆட்டம். மேடையின் குறுக்கே தனியாகப் பன்னிரண்டு காலடி நடக்கப்போவது அவளா, கூட ஆடும் பையன் மகிதாவா என்று இன்று தெரிந்துவிடும். டோக்கியோவின் ஆகஸ்ட் வெக்கை, கீழே தோஃபு கடையின் நீராவி, இரண்டும் சேர்ந்து மாடிக் கூடத்தை அவித்துக்கொண்டிருந்தன.

"நில்லுங்க, நில்லுங்க." குழுவை நடத்தும் நட்சுயோ கை தட்டினாள். சிஸுருவைவிட ஒன்பது வயது சின்னவள். "அக்கா, நத்தை எங்க இருக்கு?"

"தோள்லதான்."

"தோள்ல இல்ல, உங்க மூஞ்சியில இருக்கு. 'பாருங்க, என் மேல நத்தை'ன்னு ஊருக்கே காட்டறீங்க. அது பாட்டுக்குப் போகட்டும், விடுங்க."

மூலையில் சோற்றுருண்டை தின்றுகொண்டிருந்த மகிதா சிரித்தான். "இருபது வருஷம் பாலே டீச்சர் இல்லையா! இவங்க நத்தை கூட விரல் நுனியிலதான் நடக்கும்."

"சோத்த முழுங்கிட்டுப் பேசுடா."

ஏழாவது தடவையும் ஆறாவது காலடியில் நிறுத்தச் சொல்லும் கைதட்டல் விழுந்தது. "வெள்ளை பூசிட்டு வாங்க. கடைசியா ஒரு தடவை பாத்துடலாம்" என்றாள் நட்சுயோ. அந்தக் 'கடைசியா' சிஸுருவின் நெஞ்சில் தைத்தது.

வெள்ளைக்குச் சிப்பிப் பொடியைக் குழைத்து, காய்ச்சிய வச்சிரப் பசையைச் சொட்டுச் சொட்டாக விட வேண்டும். ஆத்திரத்தில் அவள் பசைக் கிண்ணத்தையே கவிழ்த்துவிட்டாள். கஞ்சியாக இருக்க வேண்டியது களியாகிவிட்டது. போகட்டும் என்று அதையே உடம்பெல்லாம் அப்பிக்கொண்டு மின்விசிறி முன்னால் நின்றாள்.

காயக் காயத் தோல் இறுகியது. முழங்கால் மடங்கவில்லை. தோளில் ஒரு வெடிப்பு மெல்ல நீண்டது. அதற்குள்ளே அரிப்பு. அழலாம் என்றால் வாயைக் கோணக்கூட முடியவில்லை. போதும், கழுவிக்கொண்டு வீட்டுக்குப் போய்விடுவோம் என்று எதிர்ச் சுவரோரம் இருந்த தண்ணீர் வாளியை நோக்கிக் கிளம்பினாள். தோல் பிய்ந்துவிடுமோ என்ற பயத்தில் ஒவ்வொரு காலாகப் பெயர்த்து வைத்தாள்.

வாளியைத் தொட்ட பிறகுதான் கூடத்தில் சத்தமே இல்லை என்பது உறைத்தது. மகிதாவின் சோற்றுருண்டை வாய்க்குப் போகாமல் நின்றிருந்தது.

"அதான்!" என்றாள் நட்சுயோ. "அக்கா, அதேதான். சனிக்கிழமை நீங்கதான் நடக்கறீங்க. எங்க, இன்னொரு தடவை."

"எது?"

"இப்ப நடந்தீங்களே, அது."

"நான் எங்க நடந்தேன்? வாளிக்குப் போனேன்."

"அப்ப வாளிக்கே போங்க."

சிஸுரு திரும்பிப் போய் மின்விசிறிப் பக்கத்துச் சுவரோரம் நின்றாள். அதே வெடிப்பு, அதே அரிப்பு, அதே முழங்கால். எல்லாவற்றையும் கவனமாக நினைவுபடுத்திக்கொண்டு நடந்தாள். நாலாவது காலடியில் கைதட்டல்.

"ம்ஹூம். இப்ப வாளிய காட்டறீங்க."

அந்த வாளியைத் தூக்கி நட்சுயோ தலையில் கவிழ்த்தால் என்ன என்றிருந்தது சிஸுருவுக்கு. வழக்கப்படி கை நோட்டுப் புத்தகத்துக்குப் போனது. வெள்ளை விரல் பக்கத்தில் ஒட்டிக்கொண்டது; இழுத்ததில் நத்தை பாதியாகக் கிழிந்தது.

"எழுதிக்கலையா டீச்சர்?" என்றான் மகிதா.

"என்னன்னு எழுதச் சொல்ற? அரிக்குதுன்னா?"

நட்சுயோ சிரிக்கவில்லை. "இன்னும் மூணு நாள் இருக்கு அக்கா. மொதல்லேர்ந்து."

புத்தகத்தை மகிதாவின் மடியில் எறிந்துவிட்டு, "சனியன் பிடிச்ச நடை" என்று பல்லைக் கடித்தபடி சிஸுரு மறுபடியும் சுவரை நோக்கிப் போனாள். இந்தத் தடவை, அந்தப் போக்கையே பார்த்துக்கொண்டிருந்த நட்சுயோ கை தட்டி நிறுத்தவில்லை. அதைக் கவனிக்கிற நிலையில் சிஸுரு இல்லை.