வரப்பில் ஊர்ந்த வெளிச்சம்

தணிகாசலம் கருப்புச் சட்டைக்காரர். ஓரிக்கையில், பாலாற்றங்கரையை ஒட்டி, அவருக்கு அரை ஏக்கர் சாமந்தித் தோட்டம் இருந்தது. அதில் பூப்பதெல்லாம் பெரிய காஞ்சிபுரத்துப் பூக்கடைகளுக்குப் போய், அங்கிருந்து கோயில்களுக்குப் போகும்.

"சாமி இல்லன்றவன் பூவுதான் சாமி கழுத்துல தொங்குது" என்று ஊரில் கேலி செய்வார்கள்.

"பூ விளைக்கிறது என் வேலை. அப்புறம் யார் கழுத்துல போட்டா எனக்கு இன்னா?" என்பார்.

அவர் மனைவி லோகாம்பாள் வெள்ளிக்கிழமை தவறாமல் காமாட்சியம்மன் கோயிலுக்குப் போகிறவள். அது பற்றி இருவருக்கும் இப்போது சண்டை கிடையாது. போட வேண்டியதைக் கல்யாணமான புதிதிலேயே போட்டு முடித்திருந்தார்கள்.

அறுபத்தாறாம் வருஷம் ஐப்பசியில் மழை விடாமல் பிடித்துக்கொண்டது. ஒருநாள் காலை தோட்டத்துக்குப் போன லோகாம்பாள் பாத்தி நடுவில் அப்படியே நின்றுவிட்டாள். முந்தின நாள் தளதளவென்று இருந்த நாற்றுகளில் ஒரு வரிசை முழுக்க வெறும் காம்பாக நின்றது. மண்மேல் வழவழவென்று கோடுகள். ஒரு மண்கட்டியைப் புரட்டினாள். அடியில் விரல் மொத்தத்தில், கருஞ்சாம்பல் நிறத்தில், நத்தைகள் சுருண்டு கிடந்தன. முதுகில் ஓடு இல்லை.

"மொட்டை நத்தை" என்று அவற்றுக்கு அவளே பேர் வைத்தாள்.

முதலில் அடுப்புச் சாம்பலைத் தூவினார்கள். மழை அதைக் கரைத்துவிட்டது. பிறகு லோகாம்பாள் ஒரு பிடி கல்லுப்பைக் கொண்டுவந்து ஒன்றின்மேல் போட்டாள். அது நுரை கக்கித் துடித்துக் கரைந்ததைப் பார்த்தவள், மிச்ச உப்பை அப்படியே வீட்டுக்கு எடுத்துப் போய்விட்டாள்.

"என்னால ஆவாதுங்க. பொறுக்கி வேணா போடறேன், இத்தப் பார்த்துக்கினு நிக்க முடியாது."

தணிகாசலம் சிரித்தார். ஆனால் அன்று மத்தியானமே அவர் சிரிப்பையும் ஒரு நத்தை அடக்கியது. களை வெட்டிவிட்டு, புதிதாகச் சாணை பிடித்த அரிவாளை வரப்பில் வைத்திருந்தார். மழை மூட்டத்தில் பகலிலேயே வெளியே வந்த ஒரு நத்தை அதன் முனையில் ஏறி, கூர்ப்பக்கத்தின் மேலேயே, அவசரமில்லாமல் ஊர்ந்து போயிற்று. வயிறு அறுபடும் என்று அவர் பார்த்துக்கொண்டே இருந்தார். அறுபடவில்லை. மறுமுனையில் இறங்கி, புல்லுக்குள் போய்விட்டது. அவர் அரிவாளை எடுத்துக் கட்டைவிரலால் கூர் பார்த்தார். விரலில் ரத்தம் வந்தது.

"தோ பாரு லோகா" என்று விரலைக் காட்டினார்.

ஆனாலும் தோட்டம் போய்க்கொண்டிருந்தது. தினமும் ஒரு வரிசை, ஒன்றரை வரிசை. கடைசியில் அவர் சைக்கிளை எடுத்துக்கொண்டு போய் ஒரு பை நிறையப் பூச்சிமருந்துப் பொடி வாங்கி வந்தார். தூவினால் நத்தை மட்டுமல்ல, மண்ணில் அசைவது ஒன்றும் மிஞ்சாது என்று கடைக்காரர் சொல்லியிருந்தார்.

மழை விட்டிருந்த சாயங்காலம். பொழுது இறங்கினால்தான் நத்தைகள் வெளியே வரும் என்பதால் இருட்டுகிற நேரம் பார்த்து, வாயில் துண்டைக் கட்டிக்கொண்டு தோட்டத்துக்குள் போனார். பையின் வாயை அவிழ்த்தபோது வரப்பின் ஓரத்தில் பச்சையாக ஏதோ மின்னியது. கண்ணாடித் துண்டு என்று நினைத்தார். அது நகர்ந்தது.

குனிந்து பார்த்தார். தட்டையான கறுப்புப் புழு. உடம்பு முழுக்க ஓடு ஓடாக அடுக்கியிருந்தது. வாலில், மின்மினிக்கு இருப்பதுபோல், இரண்டு பொட்டு வெளிச்சம். சூடில்லாத, புகையில்லாத, நிலைத்த வெளிச்சம். அந்தப் புழு தன்னைவிடப் பெரிய ஒரு மொட்டை நத்தையின் முதுகில் ஏறிக் கடித்துக்கொண்டிருந்தது. நத்தை உடம்பை முறுக்கியது, நுரைத்தது. புழு விடவில்லை. கொஞ்ச நேரத்தில் நத்தை ஓய்ந்தது. புழு அங்கேயே உட்கார்ந்து தின்ன ஆரம்பித்தது. வால் விளக்கு எரிந்தபடியே இருந்தது.

"லோகா!" அவர் குரல் அவருக்கே வேறு மாதிரி கேட்டது. "லோகா, ஓடியா!"

பாம்போ என்று பயந்து அவள் அரிக்கேன் விளக்கோடு ஓடி வந்தாள்.

"விளக்கை அணை."

"இருட்டுல இன்னாத்தப் பார்க்கிறது?"

"அணைன்றேன்ல."

அவள் திரியை இறக்கி ஊதினாள். முதலில் ஒன்றும் தெரியவில்லை. கண் இருட்டுக்குப் பழகப் பழக, ஒவ்வொன்றாகத் தெரிந்தது. வரப்பில், வாய்க்கால் கரையில், கடிபட்ட நாற்றுகளின் அடியில், தோட்டத்தின் அந்தக் கோடி வரைக்கும், பச்சைப் பொட்டுகள். சில நின்றன. சில நத்தையின் ஈரத்தடம் பிடித்து மெல்ல ஊர்ந்தன. மேலே மேகம் மூடிய வானத்தில் ஒரு நட்சத்திரம் இல்லை. எல்லாம் தரையில் இருந்தன.

லோகாம்பாளின் கை தானாகக் கூப்பிக்கொண்டது.

"அம்மா, தாயே..."

"கும்பிடாத. புழு அது."

"புழுன்னு எனக்கும் தெரியுது. புழுவுக்கு வால்ல விளக்கு யாரு வச்சாங்க?"

வேறு நாளாக இருந்தால் தணிகாசலம் அதற்கு அரை மணி நேரம் பேசியிருப்பார். அன்று தரையையே பார்த்துக்கொண்டு நின்றார். இத்தனை வருஷமாக இந்த மண்ணில் அவர் நடந்திருக்கிறார், வெட்டியிருக்கிறார், தண்ணீர் கட்டியிருக்கிறார். இருட்டினதும் வீட்டுக்குப் போயிருக்கிறார். அவர் போன பிறகு இங்கே இது நடந்துகொண்டிருந்திருக்கிறது. செருப்பைக் கழற்றி வரப்பில் விட்டார்.

"இன்னாங்க, செருப்ப ஏன் கழட்டறீங்க?"

"மிதிச்சிடப் போறேன்" என்றார்.

வெறுங்காலால் மண்ணைத் தடவித் தடவி நடந்து போய், மருந்துப் பையின் வாயைக் கட்டிச் சைக்கிளில் மாட்டினார். மறுநாள் கடையில் அதைத் திருப்பிக் கொடுத்தபோது கடைக்காரர் ஏன் என்று கேட்டார்.

"வேலைக்கு ஆள் வந்துட்டாங்கபா" என்றார் தணிகாசலம்.

ஆனால் அந்த ஆட்களை மட்டும் நம்பிவிட முடியவில்லை. நத்தைகள் அவ்வளவு இருந்தன. சாயங்காலம் இருவரும் குனிந்து பாத்தி பாத்தியாகப் பொறுக்கினார்கள். லோகாம்பாள் நத்தைகளை வாழையிலைக் கிழிசலில் வைத்து, வெளிச்சம் தெரிகிற இடமாகப் பார்த்து இறக்கினாள்.

"இன்னா, படையலா?" என்றார் அவர்.

"வேலை செய்றவங்களுக்குச் சோறு போட வேணாமா?"

அடுத்த நாள் பார்த்தால் அவரும் இலையோடு நின்றார்.

பக்கத்துத் தோட்டத்துக் கோதண்டபாணி, இருட்டில் இவர்கள் என்ன செய்கிறார்கள் என்று பார்க்க வந்தார். வெற்றிலையை மெல்லுவதை நிறுத்திவிட்டு வெகுநேரம் நின்றார். மறுநாள் பெண்டாட்டி பிள்ளைகளை அழைத்து வந்தார். அதற்கு அடுத்த நாள் தெருவே வந்தது. தணிகாசலம் எல்லோரையும் செருப்பைக் கழற்றச் சொன்னார், எல்லோரும் கழற்றினார்கள். இரைச்சலாகப் பேசிக்கொண்டு வந்தவர்கள்கூட வரப்பில் கால் வைத்ததும் குரலைத் தாழ்த்திக்கொண்டார்கள்.

கார்த்திகை கடைசியில் மழை நின்றது. மண் காய்ந்தது. வெளிச்சங்கள் ஒவ்வொன்றாக மண்ணுக்குள் போயின. நாற்றில் பாதிக்குமேல் தப்பியிருந்தது. தையில் மஞ்சளாகப் பூத்துக் குலுங்கியது. பூப்பறிப்பு முடிந்து தோட்டம் காலியான பிறகும், பொழுது சாயும் நேரத்தில் தணிகாசலம் சும்மா ஒரு நடை போய் வரப்பில் உட்கார்ந்துவிட்டு வருவார். ஒன்றும் தெரியாது. இருந்தாலும் போவார்.